நாற்பத்தைந்து கடலை

சுடலைக்கண்ணு தன் கூட்டாளி கடற்கரைக்குத் தரவேண்டியது பதினொன்றே கால் அணா. கைமாற்றாக வாங்கியதல்ல. கண்ணை மூடியதில் வந்த கடன்.

இருவருக்கும் குற்றாலத்தில் ஒரே வேலை. சீசனுக்கு வருகிறவர்களைப் பெரிய அருவிக்குப் பக்கத்துப் பாறையில் படுக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, உருவி, தட்டி, எழுப்பி அருவிக்குள் அனுப்பவேண்டும். ஓர் உடம்புக்கு இரண்டு அணா. காலையில் எட்டு உடம்பு தேய்த்தால் மத்தியானம் சோற்றைப் பிசைய விரல் மடங்காது. அப்படிப்பட்ட அலுப்பிலும், தென்காசியில் டூரிங் கொட்டகைக்காரன் பேய்ப்படம் என்று தட்டி வைத்துவிட்டால், மூன்று மைல் நடந்து போய்ப் பார்க்காமல் இருவருக்கும் தூக்கம் வராது. பார்த்துவிட்டு வந்தாலும் வராது. அது வேறு.

பேய்ப்படம் பார்ப்பதற்கு அவர்களாக ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பேய் வருகிற நேரத்தில் கண்ணை மூடுகிறவன் படம் பார்த்தவன் ஆகமாட்டான். ஒரு தடவை மூடினால் காலணா அபராதம். பக்கத்தில் இருக்கிறவன் எண்ணவேண்டும். கடற்கரை வறுத்த கடலையை வைத்து எண்ணுவான். சுடலைக்கண்ணு ஒரு தடவை கண்ணை மூடினால், ஒரு கடலை கடற்கரை மடியின் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குப் போகும்.

‘பாழுங்கிணறு’ படம் முடிந்து விளக்குப் போட்டபோது இடது பக்கத்தில் நாற்பத்தைந்து கடலை இருந்தது. எண்ணிக் காட்டிவிட்டு, சாட்சியை அங்கேயே உரித்துத் தின்றும் விட்டான்.

கடற்கரையின் கண்ணை எண்ணவேண்டியவன் சுடலைக்கண்ணு. கண்ணை மூடிக்கொண்டு அவன் எதை எண்ண? திறந்த நேரத்திலெல்லாம் திரும்பிப் பார்த்தால் கடற்கரையின் கண் முட்டை மாதிரித் திறந்துதான் இருந்தது. ஏழு வருஷமாக இப்படித்தான். ஒரு கடலைகூட விழாத கண் என்று குற்றாலத்தில் எண்ணெய்ச் சட்டி தூக்குகிற எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் கடற்கரை ஒரு கரிக்கட்டையை எடுத்துச் சுடலைக்கண்ணு உட்காருகிற பாறையின் சாய்வில், சாரல் படாத இடமாகப் பார்த்து எழுதினான். ‘பதினொன்றே கால் அணா. பாக்கி.’

“இதை எதுக்குலே இங்கன எழுதுத?” என்றான் சுடலைக்கண்ணு.

“உனக்கு மறக்கக் கூடாதுல்லா. நீ இப்பத்தான படிக்கப் பழகியிருக்க. வாசிச்சுப் பழகு.”

அது உண்மை. முப்பத்தெட்டாவது வயதில்தான் சுடலைக்கண்ணு எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தான். கற்றிருக்காவிட்டால் அது வெறும் கரிக்கோடு என்று நிம்மதியாக இருந்திருப்பான்.

“இன்னொண்ணு,” என்றான் கடற்கரை. “துட்டு வார வரைக்கும் பேய்ப்படத்தைப் பத்தி நீ வாயைத் தெறக்கக் கூடாது. பாக்காதவன் எப்படிலே பேசலாம்? சட்டம்னா சட்டம்.”

பதினொன்றே கால் அணா போனால் போகிறது, ஆறு உடம்பு தேய்த்தால் வந்துவிடும் என்று நினைத்திருந்த சுடலைக்கண்ணு இதைக் கேட்டதும் தூக்கிய எண்ணெய்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டான். ஏனென்றால் அந்த ஆறு உடம்பு வருவதே அவன் வாயை நம்பித்தான்.

அவன் எண்ணெய் தேய்ப்பது ஒரு தினுசு. பேய்க்கதை சொல்லிக்கொண்டே தேய்ப்பான். பாழுங்கிணற்றில் வாளி இறங்கும்போது அவன் கட்டைவிரல் முதுகெலும்பில் மெள்ள இறங்கும். கயிறு கனக்கும்போது அழுத்துவான். கிணற்றுக்குள்ளிருந்து கை வரும் இடத்தில் பிடரியைப் பிடிப்பான். படுத்திருப்பவர் எகிறுவார். அந்த எகிறலில் ஒரு வருஷத்து வாய்வுப் பிடிப்பு விட்டுப்போகும். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வருகிறவர்கள் ரெண்டணா கூலிக்கு மேல் ஓர் அணா போட்டுக் கொடுப்பார்கள். ஒரே ஒரு குறைதான். கதையைக் கேட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய்வந்தவர்கள், “நீ சொன்ன பேயில பாதிகூட அங்கன இல்லையேப்பா,” என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டால் பேய் பெரிதாகத்தான் இருக்கும்.

கடற்கரைக்கு இந்தக் கதையளப்பெல்லாம் கிடையாது. அவன் கடலையில்தான் பேசுவான்.

“‘நடுச்சாமத்து மணப்பெண்’ எப்படி இருக்கு?” என்று யாராவது கேட்பார்கள்.

“முப்பது கடலை.”

“பேய் நல்லாருக்குமா?”

“முப்பது கடலைன்னு சொன்னேம்லா. அதுக்கு மேல வாயால சொல்லக் கூடாது. போய்ப் பாருங்க.”

பேசாதவன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். முப்பது கடலைப் படம், இருபது கடலைப் படம் என்று தென்காசிக் கடைத்தெருவரை அந்தக் கணக்குப் பரவியிருந்தது.

சுடலைக்கண்ணு முதலில் செய்த காரியம், ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த எழுத்தை அழிக்கப் போனது. தண்ணீர் அருவியில் இருந்தது. எண்ணெய் கையில் இருந்தது. கையில் இருந்ததை வைத்துத் தேய்த்தான். கரியும் நல்லெண்ணெயும் சேர்ந்து பாறைக்குள் இறங்கிப் பளபளவென்று உட்கார்ந்துகொண்டது. முன்பு பக்கத்தில் வந்து குனிந்தால்தான் தெரியும். இப்போது அருவிப் பாலத்தில் நிற்கிறவன் வாசிக்கலாம்.

“அது யாரு பாக்கி?” என்று வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். “இந்தப் பாறையில எண்ணெய் தேய்க்கிறவன் பாக்கி,” என்றான் கடற்கரை, யாரும் கேட்காவிட்டாலும்.

இந்த நேரத்தில் முத்துராமலிங்கம் வந்து சேர்ந்தார். புளியங்குடியில் எலுமிச்சம்பழக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறவர். ஆடி பிறந்தால் குடும்பத்தோடு குற்றாலத்தில் பத்து நாள். பேய்ப்படம் என்றால் உயிர். பயப்படுவதற்கென்றே துட்டுச் செலவழிக்கிற மனுஷன். சுடலைக்கண்ணுக்குப் பத்து நாளும் காலையில் முதல் உடம்பு அவருடையதுதான், அதுவும் சாதாரண உடம்பு அல்ல, மூன்று பேருக்கான எண்ணெய் குடிக்கும். பத்து நாளில் அவர் கொடுப்பதுதான் சுடலைக்கண்ணு வீட்டில் ஐப்பசிவரை அரிசி.

அவர் கோவணத்தோடு குப்புறப் படுத்து, சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இந்த வருசம் கொட்டகையில என்னலே ஓடுது? எதைப் பாக்கலாம், எதைத் தள்ளலாம்?”

சுடலைக்கண்ணு பக்கத்துப் பாறையைப் பார்த்தான். கடற்கரை ஒரு தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தாவின் முழங்காலை உருவிக்கொண்டு, காதை இந்தப் பக்கம் வைத்திருந்தான்.

“என்னமோ ஓடுது அண்ணாச்சி.”

“என்னமோன்னா? கிணத்துப் பேய்னு கேள்விப்பட்டேன். கால் உண்டா அதுக்கு?”

“கால்… எல்லாருக்கும் உண்டு அண்ணாச்சி.”

“பேய்க்குக் கால் இருந்தா அது பேயாலே? பாடுதா அது? போன வருசம் வந்தது பாடிக்கிட்டே திரிஞ்சுது. பேய்னா பாடக் கூடாது. பாடுனா பாட்டுக்காரி.”

இந்த விஷயத்தில் சுடலைக்கண்ணுக்கு ஒன்பது விதமான அபிப்பிராயம் இருந்தது. பேய் பாடலாம், ஆனால் தாளம் தட்டக் கூடாது என்பது அதில் முக்கியமானது. எல்லாம் தொண்டையில் வந்து நின்றது. கடைசியில் அடக்கமாட்டாமல், “நேத்து ஒரு கனா கண்டேன் அண்ணாச்சி,” என்று ஆரம்பித்தான். “ஒரு பாழுங்கிணறு. அதுல ஒரு வாளி இறங்குது…”

“அந்தக் கனாவுக்குத் தரை டிக்கெட் எவ்வளவுலே?” என்று பக்கத்துப் பாறையிலிருந்து கேட்டான் கடற்கரை.

குமாஸ்தா சிரித்தார். முத்துராமலிங்கம் தலையைத் தூக்கி என்னவென்று விசாரித்தார். கடற்கரை எழுந்து வந்து, சட்டம், நாற்பத்தைந்து கடலை, பாறையில் உள்ள எழுத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னான்.

“அட பாவி,” என்றார் முத்துராமலிங்கம். “ஏழு வருசமா கண்ணை மூடிக்கிட்டுப் பாத்த படத்தையா எனக்குச் சொல்லிக்கிட்டிருந்த?”

மறுநாள் காலையில் அவர் கடற்கரையின் பாறையில் படுத்திருந்தார்.

அன்றைக்கு மத்தியானமே சுடலைக்கண்ணு கடற்கரையிடம் போய் நின்றான். “இன்னொரு படம் பாப்போம்லே. ‘எலும்பு மாளிகை’ வந்திருக்கு. ஒரு தடவைகூடக் கண்ணை மூடாம பாத்துட்டேன்னா பாக்கியை அழிச்சுரணும்.”

“மூடிட்டேன்னா?”

“ரெண்டு மடங்கு எழுதிக்கோ.”

ரெண்டு மடங்கு என்றால் ஒரு ரூபாய் ஆறரை அணா. பதினோரு உடம்பு, அதற்கு மேல் ஒரு கை. வீட்டுக்குப் போய்த் தன் பெண்டாட்டி பேச்சித்தாயிடம் சொன்னபோதுதான் அவனுக்கே தொகை உறைத்தது.

“உங்களால மூடாம இருக்க முடியுமா?” என்று கேட்டாள் பேச்சித்தாய்.

“முடியாது.”

“பின்ன எதுக்குப் பந்தயம்?”

“முத்துராமலிங்கம் அண்ணாச்சி போயிட்டாரு. அவரு போனா ஐப்பசி வரைக்கும் அரிசி போச்சு.”

பேச்சித்தாய் அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “மூடுனாத்தான தப்பு. மூடுன கண்ணு தெறந்திருந்தா?”

“அது எப்படிட்டி?”

“இங்கன உக்காருங்க. கண்ணை மூடுங்க.”

திருநீற்றை எண்ணெயில் குழைத்து இரண்டு இமையிலும் வெள்ளையாகப் பூசினாள். படிந்ததும் மை டப்பியை எடுத்து நடுவில் வட்டமாகக் கருவிழி வைத்தாள். மார்கழி முழுக்கக் கோலம் போட்டுப் பழகிய கை. வட்டம் வட்டமாகவே விழுந்தது. கருவிழிக்குள் வெளிச்சத்துக்கு ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியும் வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். அவளே இரண்டடி பின்னால் போனாள்.

“போதும். தெறங்க. என்னால பாக்க முடியல.”

முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழி கூடைக்குள் போய் அடைந்துவிட்டது. மணி நாலுதான் ஆகியிருந்தது.

தென்காசியில் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டிப் போனால் ஒரு தோப்போரம் கொட்டகை. மணல் தரை. இரண்டணா கொடுத்தால் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்துகொள்ளலாம். முத்துராமலிங்கம் பந்தயத்தைப் பார்ப்பதற்கென்றே வந்து பின்னால் பெஞ்சில் இருந்தார். திரைக்குக் கீழே, கூட்டத்தைப் பார்த்தபடி சைதூன் பீவி சுளவில் கடலையைப் பரப்பி வைத்திருந்தாள். படம் ஓடும்போது இருட்டில் எந்தப் பக்கம் கை நீளுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவளுக்கு வியாபாரம். கடற்கரை அவளிடம் காலணாவுக்குக் கடலை வாங்கி வலது மடியில் கட்டிக்கொண்டான்.

“இன்னிக்கு எத்தனை விழும் அண்ணாச்சி?” என்று கேட்டாள் சைதூன் பீவி.

“அம்பதுக்குக் கொறையாது. எலும்புப் படம்லா.”

விளக்கு அணைந்தது. சுடலைக்கண்ணு கண்ணை மூடினான்.

அவன் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாகப் பேய்ப்படம் பார்த்ததில்லை. எலும்புகள் கடகடத்தன. கதவு கிரீச்சிட்டது. ஒரு பெண்பிள்ளை அலறினாள். கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து அலறினார்கள். சுடலைக்கண்ணு இமையை அசைக்காமல் சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் இடைவேளைக்கு விளக்குப் போட்டபோது துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டான். பக்கத்தில் கடற்கரையின் மூச்சு புஸ்புஸ்ஸென்று கேட்டது.

“எத்தனைலே?” என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டான்.

“ஒண்ணுகூட விழல,” என்றான் கடற்கரை. குரல் ஒரு மாதிரி இருந்தது.

மறுபடி இருட்டு. காலையிலிருந்து ஏழு உடம்பு தேய்த்திருந்தான், மூன்று மைல் நடந்திருந்தான், மணல் குளிர்ந்திருந்தது, கண் வேறு மூடியிருந்தது. பேய் வருவதற்குள் சுடலைக்கண்ணுக்குத் தூக்கம் வந்துவிட்டது. நல்ல உழைப்பாளியின் தூக்கம். வாய் திறந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் கிளம்பியது.

அடுத்து அவன் கேட்டது ஒரு பெரிய அலறல். எலும்புகளின் அலறல் அல்ல, பெண்பிள்ளையின் அலறலும் அல்ல. கடற்கரையுடையது.

பதறி எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். கடற்கரை ஆட்களை மிதித்துக்கொண்டு முன்பக்கமாக ஓடினான். வழியில் சைதூன் பீவியின் சுளவு. ஒரு சுளவுக் கடலையும் மணலில் போயிற்று. கொட்டகைக் கயிறு தடுக்கி, எழுந்து, தோப்புக்குள் மறைந்தான். விளக்குப் போட்டார்கள். கூட்டம் முழுக்கச் சிரித்தது.

“ஏழு வருசத்துக் கண்ணு இன்னிக்குப் போச்சுலே,” என்றார் முத்துராமலிங்கம். “இது நூறு கடலைப் படம்.”

அன்றிரவு சுடலைக்கண்ணு குற்றாலத்துக்கு மூன்று மைலும் பாடிக்கொண்டே நடந்தான். தாளம் தட்டவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால் பாறையில் பாக்கி அப்படியே இருந்தது. கடற்கரை தன் பாறையை விட்டு, இருபது அடி தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தான்.

“அழிலே,” என்றான் சுடலைக்கண்ணு. “நீதான ஓடுன?”

“கிட்ட வராத. அங்கனயே நில்லு.” கடற்கரை எண்ணெய்ச் சட்டியை முன்னால் பிடித்துக்கொண்டான். “நான் படத்தைப் பாத்து ஓடல.”

“பின்ன எதைப் பாத்து ஓடுன?”

“உன்னை.”

சுற்றி நின்ற எண்ணெய்க்காரர்கள் காது கொடுத்தார்கள்.

“நீங்களே கேளுங்க,” என்றான் கடற்கரை அவர்களைப் பார்த்து. “உக்காந்ததுலேருந்து ஒரு தடவைகூட இமை அடிக்கல இவன். அடிப்பான் அடிப்பான்னு பாக்கேன், கடலையைக் கையில பிடிச்சுக்கிட்டே பாக்கேன், அடிக்கல. கண்ணு ரெண்டும் நெலைகுத்தி நிக்கு. அப்புறம் கேட்டுது பாருங்க ஒரு சத்தம். கண்ணு தெறந்திருக்கு, கொறட்டை வருது. அது சுடலைக்கண்ணு இல்ல. எலும்பு மாளிகையிலேருந்து இறங்கி வந்து அவன் உடம்புக்குள்ள ஏறியிருக்கு.”

பாறைகளில் படுத்திருந்த உடம்புகளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன.

சுடலைக்கண்ணு சொல்ல வாயெடுத்தான். சொல்லமுடியவில்லை. மை டப்பி விஷயத்தைச் சொன்னால் ஒரு ரூபாய் ஆறரை அணா. சொல்லாவிட்டால் பேய். பேய்க்குக் கடன் கிடையாது என்று முதலில் தோன்றியது. மத்தியானத்துக்குள் பேய்க்குக் கூலியும் கிடையாது என்று தெரிந்துவிட்டது. ஓர் ஆள்கூட அவன் பாறைப் பக்கம் வரவில்லை. பேய் ஏறியவன் கையைத் தலையில் வைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? தான் மனுஷன்தான் என்று காட்ட நெற்றி நிறையத் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு வந்தான். சாரலில் அது கரைந்து கன்னமெல்லாம் வெள்ளையாக வழிந்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அன்றைக்கே வண்டி பிடித்துச் செங்கோட்டைக்குப் போய்விட்டது.

“கோடாங்கிகிட்டப் போவமா?” என்றாள் பேச்சித்தாய். “ஒரு சேவலும் ஒண்ணே கால் ரூபாயும் கேக்காராம்.”

“வரைஞ்சவ நீ. பேயை ஓட்ட அவருக்கு எதுக்குட்டி சேவல்?”

“அதை நான் சொல்ல முடியுமா?”

மூன்றாம் நாள் காலையில் முத்துராமலிங்கம் வந்தார். தனியாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சுடலைக்கண்ணின் பாறையில் படுத்தார்.

“வீட்டுக்குத் தெரியாம வந்திருக்கேன்,” என்றார் மெதுவாக. “எத்தனை பேய்ப்படம் பாத்திருக்கேன். பேயே எண்ணெய் தேச்சா எப்படி இருக்கும்னு பாத்துரணும்லா. தேய்.”

சுடலைக்கண்ணு சந்தோஷத்தோடு கை வைத்தான். முதுகு தேக்குப் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. கட்டைவிரல் இறங்கவில்லை.

“உடம்பைத் தளர்த்துங்க அண்ணாச்சி.”

“தளர்த்திக்கிட்டுத்தான் இருக்கேன்.” பல் கிடுகிடுத்தது.

“கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி. எண்ணெய் இறங்காது.”

“ஆசையாத்தான் வந்தேன். முடியல. நீ ஆளா பேயான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. எதுன்னாலும் சொல்லு. தெரிஞ்சா உடம்பு இறங்கிரும்.”

சுடலைக்கண்ணு அந்த முதுகைப் பார்த்தான். ஐப்பசிவரைக்கும் அரிசி அங்கே விறைத்துக் கிடந்தது. எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தான்.

“ஆளுதான் அண்ணாச்சி. அது பேச்சித்தாய் போட்ட மை.”

எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். திருநீறு, மை, கோழி, தூக்கம். முத்துராமலிங்கத்தின் முதுகு முதலில் அசைந்தது, பிறகு குலுங்கியது. சிரித்துச் சிரித்து அவர் பாறையை விட்டே சறுக்கப் பார்த்தார். சுடலைக்கண்ணு கணுக்காலைப் பிடித்து இழுத்துப் போட்டான். உடம்பு வெண்ணெய் மாதிரி இறங்கியிருந்தது.

ஆனால் இருபது அடி தள்ளியிருந்த கடற்கரைக்கும் காது கேட்கும். கரிக்கட்டையோடு வந்து நின்றான். நடை பழையபடி நிமிர்ந்துவிட்டது.

“அப்ப மூடித்தான் இருந்திருக்கு கண்ணு.” பழைய எழுத்துக்குக் கீழே பெரிதாக எழுதினான். ‘ஒரு ரூபாய் ஆறரை அணா.’ “ஆடி முடியறதுக்குள்ள வரணும். அதுவரைக்கும் வாய் பேசக் கூடாது. அண்ணாச்சி, நீங்க இனிமே என் பாறைக்கு வாங்க. பேய்ப்படம்னா நல்லாத் தெரிஞ்சவன்கிட்டக் கேக்கணும். தெறந்த கண்ணோட பாக்கவன் இந்தச் சுத்துவட்டாரத்துல நான் ஒருத்தன்தான்.”

முத்துராமலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். “சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா சுடலைக்கண்ணு,” என்றார் வருத்தமாக. “நான் என்ன சொல்ல?”

அந்த நேரத்தில் பாலத்தைத் தாண்டிச் சைதூன் பீவி வருவது தெரிந்தது. வெள்ளைத் துப்பட்டியை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் சுளவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

“கடற்கரை அண்ணாச்சி இங்கனதான இருக்காரு? என் கடலைக்குத் துட்டு வரணும். நாலணாச் சரக்கு. மிதிச்சுட்டு ஓடிட்டாரு.”

“கொட்டகைக்காரன்கிட்டக் கேளு,” என்றான் கடற்கரை. “அவன் பேயைக் காட்டுனான். ஆளுக ஓடத்தான் செய்வாங்க.”

“அவருகிட்டத்தான் முதல்ல கேட்டேன். அந்த நேரத்துல படத்துல பேயே வரல, கல்யாணப் பந்தியில எல போட்டுக்கிட்டிருந்தாங்க, நாங்க பொறுப்பில்லங்காரு. நான் எதைக் கண்டேன். ஆனா ஒண்ணு எனக்கு நல்லாத் தெரியும்…”

கடற்கரையின் கையிலிருந்த கரிக்கட்டை கீழே விழுந்தது.

“இந்தா, நாலணா,” என்றான் அவசரமாக. இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான். “வாங்கிக்கிட்டு நேரத்தோட போ. சாரல் வருது.”

கொடுத்த கையோடு திரும்பி, ஒரு பிடி சீயக்காயை அள்ளிப் பாறையில் அப்பி, தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். எண்ணெய் இறங்கிய கரி என்றாலும் சீயக்காய்க்கு நிற்குமா? பதினொன்றே கால் அணா போயிற்று. ஒரு ரூபாய் ஆறரை அணாவும் போயிற்று. அருவியிலிருந்து இரண்டு சட்டி தண்ணீர் மோந்து ஊற்றினான். பாறை குளித்து எழுந்த மாதிரி ஆனது.

“கணக்குத் தீந்துது சுடலைக்கண்ணு,” என்றான், யாரையும் பார்க்காமல். “நீ பேசிக்கோ.”

சுடலைக்கண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஏன்லே? நான்தான தோத்தேன்?”

கடற்கரை எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தன் பாறைக்கு நடந்தான்.

சைதூன் பீவி நாலணாவை எண்ணி முந்தியில் முடிந்தாள். முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு சுளவை மாற்றி இடுக்கிக்கொண்டு சுடலைக்கண்ணிடம் சொன்னாள்:

“திரைக்கு முதுகைக் காட்டி உக்காந்து ஏழு வருசமா கடலை விக்கேன், ஒரு பேயையும் பாத்ததில்ல. அந்தக் கொட்டகையில என்னை மாதிரி இன்னும் ஒரே ஒருத்தருதான். கடற்கரை அண்ணாச்சி. வெளக்கு அணைஞ்சதுலேருந்து படம் முடியுற வரைக்கும் உங்க மூஞ்சியைத்தான பாத்துக்கிட்டிருப்பாரு.”